மருத்துவ ஆவண அலுவலர்

மருத்துவ ஆவண அலுவலர் என்பவர் நோயாளிகளின் கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் திரட்டிச் சரிபார்த்து, நோய்க்குக் குறியீடு இட்டு, கேட்ட நேரத்தில் எடுத்துத் தருபவர். மருத்துவமனைகளில் இவரது துறையை எம்.ஆர்.டி. என்பார்கள்.

1928இல் வட அமெரிக்காவில் இத்தொழிலுக்குச் சங்கம் தோன்றியது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் நூலகரான கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் அதன் முதல் தலைவர். இந்தியாவில் வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இதற்குப் பயிற்சி அளித்துவருகின்றன.

காகிதக் கோப்புகளைப் பல மருத்துவமனைகளில் கடைசி இலக்கங்களைக் கொண்டு அடுக்குகிறார்கள். 12-34-56 என்ற கோப்பு 56ஆம் பகுதியில், 34ஆம் வரிசையில், 12ஆவதாக இருக்கும். வரிசை எண்படி அடுக்கினால் புதிய கோப்புகள் எல்லாம் ஒரே ரேக்கில் குவியும்; இம்முறையில் நூறு பகுதிகளுக்கும் சமமாகப் பரவும். எடுத்த கோப்பின் இடத்தில், யாரிடம் போயிருக்கிறது என்று எழுதிய அட்டை நிற்கும்.

வேலையின் உயிர் குறியீட்டில்தான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், வெறுமனே 'இரண்டாம் வகைச் சர்க்கரை' என்றால் ஈ11.9, அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தால் ஈ11.2. மருத்துவர் ஒரு வரி எழுதாமல் விட்டால் நோயின் தீவிரமே மறைந்துவிடும். இறப்புச் சான்றில் 'இதயத் துடிப்பு நின்றது' என்று மட்டும் இருப்பது இன்னும் மோசம். எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். இறந்தவரைப் பாம்பு கடித்திருந்தால், அந்தச் சாவு பாம்புக்கடிக் கணக்கிலேயே வராது. ஆவண அலுவலர் தானாக எதையும் திருத்தக் கூடாது. அடிப்படைக் காரணம் என்ன என்று எழுதியவரிடமே கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய டாக்டரிடமும் தயங்காமல் அப்படிக் கேட்பவரே இத்துறையில் தேர்ந்தவர். இவரை வெறும் குமாஸ்தாவாக நினைப்பது பெரும் பிழை.

2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவத் தகவல் மேலாண்மையையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், விரும்புவோருக்கு அவர்களின் மருத்துவ ஆவணங்களை இணைக்க 14 இலக்க 'ஆபா' எண்ணைத் தருகிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விபத்து, விஷம், தீக்காயம் போன்ற, சட்டம் சார்ந்த எம்.எல்.சி. (மெடிக்கோ-லீகல் கேஸ்) கோப்புகள் தனியே பூட்டில் இருக்கும். வழக்கு முடியும்வரை அவற்றைக் கழிப்பதில்லை.