ஃபெரோமோன்: சுமையும் கிளர்ச்சியும்

நிலக்கடலைக் காட்டில் கழி நட்டு, அதில் பிளாஸ்டிக் புனல் ஒன்றை மாட்டியிருப்பார்கள். மூடிக்கு அடியில் விரல்நுனி அளவு ரப்பர். கீழே தொங்கும் பாலித்தீன் பையில் புரோடீனியா அந்துப்பூச்சிகள். அத்தனையும் ஆண். ரப்பரில் ஊறியிருப்பது ஃபெரோமோன். தமிழில் இந்தக் கருவிக்குப் பெயர் இனக்கவர்ச்சிப் பொறி. மூலச்சொல்லிலோ இனமும் இல்லை, கவர்ச்சியும் இல்லை.

கிரேக்கத்தில் 'ஃபெரெய்ன்' என்றால் சுமத்தல். வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'பாரம்' அதற்குத் தூரத்து உறவு. 'ஹோர்மோன்' என்றால் கிளர்த்துவது. 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் உடற்சுரப்புக்கு அதிலிருந்துதான் பெயர் எடுத்தார். உடலுக்கு வெளியே போய் இன்னோர் உயிரைத் தூண்டும் சுரப்பை முதலில் 'எக்டோஹார்மோன்', அதாவது புற ஹார்மோன் என்றார்கள். ஹார்மோன் என்பதே உள்ளே ஓடுவது. அதற்குப் 'புற' என்ற அடைமொழி பொருந்தவில்லை. 1959-இல் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் 'நேச்சர்' இதழில் புதுப்பெயர் சூட்டினார்கள். ஓர் உயிர் ஒரு பொருளை வெளிவிட, அதே இனத்தின் இன்னோர் உயிர் ஏற்று, குறிப்பிட்ட வகையில் நடந்துகொண்டாலோ வளர்ச்சி மாறினாலோ அந்தப் பொருள் ஃபெரோமோன்.

லூஷர் கறையான் ஆய்வாளர். அரசனும் அரசியும் இருக்கும் புற்றில் மற்றவை இனப்பெருக்கத் தகுதி பெறாமல் தடுப்பது எது என்று தேடியவர். ஆக, பெயர் வைத்தவர்களில் ஒருவர் மனத்தில் இருந்தது கவர்ச்சி அல்ல, தடை. ஆனால் அதே ஆண்டு கார்ல்சனின் சகாவான அடால்ஃப் பூட்டெனண்ட், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து ஆணை இழுக்கும் 'பாம்பிகால்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். புகழ் பட்டுப்பூச்சிக்குப் போனது. சொல்லோடு காமமும் ஒட்டிக்கொண்டது.

பிறகு பன்றி. ஆண்பன்றியின் எச்சிலில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோனை முகர்ந்ததும், பருவத்துக்கு வந்த பெண்பன்றி அசையாமல் நின்றுகொடுக்கும். மனித அக்குளிலும் அது கொஞ்சம் உண்டு. அதுபோதும் என்று 'ஃபெரோமோன்' பெயரில் வாசனைத் திரவியங்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் மனிதரிடம் காமத்தைக் கிளர்த்தும் ஃபெரோமோன் என்று நிறுவப்பட்ட பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

நம்பிக்கை தருவது வேறோர் இடம். பால்கொடுக்கும் தாயின் முலைக்காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் கசிவை, பிறந்து 3 நாளான குழந்தையின் மூக்கருகே காட்டினார்கள். மூச்சின் போக்கு மாறியது; வாய் சப்புக்கொட்டியது. கசிவு தந்த தாயோ வேறொருத்தி. இது ஃபெரோமோன் என்று உறுதியானால், 'இனக்கவர்ச்சி' என்ற தமிழ்ப்பெயர் அந்தத் தொட்டிலருகே செல்லாது. சுமந்து வந்து கிளர்த்துவது என்ற பழைய பொருள் செல்லும்.