தன் சொல்லே தனக்குப் பகை: காஞ்சியின் தருக்க மரபில் ஒரு பாடம்

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் வேகவதி, வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கின்றது. ஆறுகள் மூன்றும் கூடுமிடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்று அக்கோயிலைச் சார்ந்து நடைபெற்றதை அக்கல்வெட்டால் அறிகின்றோம். வரலாற்று நூல்கள் பலவும் இம்மருத்துவமனையையே எடுத்துப் பேசும். ஆனால் இறையியல் மாணவராகிய நாம் கருதத்தக்க வேறொரு செய்தியும் அதில் உண்டு. அங்கு வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருந்தது; இலக்கண மாணவர்க்கு 'ரூபாவதாரம்' என்னும் நூல் பாடமாக வைக்கப்பட்டிருந்தது. அந்நூலை இயற்றிய தருமகீர்த்தி ஒரு பௌத்தர் என்பது அறிஞர் துணிபு. பெருமாள் கோயிலில் அமர்ந்து வேதம் ஓதியோர், பௌத்தர் ஒருவரின் நூலைக் கொண்டு இலக்கணம் பயின்றனர்!

சமயங்கள் தம்முள் கடுமையாக வாதிட்ட நிலப்பகுதியில் இது நிகழ்ந்தது என்பதை நினைக்கவேண்டும். எதிர்ப்பக்கத்தாரின் நூலையும் கற்று, அவர்தம் அளவுகோலால் தம்மையும் அளந்து பார்க்கும் பழக்கம் இப்பகுதியில் நெடுநாள் நிலவியது. அப்பழக்கம் வளர்த்த நுண்ணறிவுகளுள் ஒன்றையே இக்கட்டுரையில் ஆராயக் கருதுகின்றோம். ஒருவன் கூறும் கூற்று அவனையே மறுக்குமாயின் அதற்கு என்ன செய்வது? அதிலிருந்து தப்ப மாந்தர் எத்தகைய சந்துகளைத் தேடினர்? அவற்றுள் எது நேர்மையானது, எது வெறும் சாக்குப்போக்கு?

காஞ்சியின் வாதக்களம்

நான்காம் நூற்றாண்டிலேயே காஞ்சியின் கடிகை என்னும் கல்விச்சாலை புகழ்பெற்றிருந்தது. கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியருடன் கல்வி நிறைவு பெறக் காஞ்சிக்கு வந்ததைக் கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறும். இந்தியத் தருக்க நூலுக்குப் புது வடிவம் தந்த திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது பௌத்த மரபு. நாளந்தாவின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலரும் காஞ்சியினரே. ஏழாம் நூற்றாண்டில் இந்நகரைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், இங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறிப்பிடுகின்றார்.

தமிழில் இம்மரபின் தலையாய சான்று மணிமேகலைக் காப்பியமாகும். 1898இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது, அதன் 29ஆம் காதை அறிஞர்க்குப் பெருவியப்பை அளித்தது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கத்தை முறையாகக் கற்பிக்கும் பகுதி அது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளை விளக்கியபின், அவற்றில் நேரும் போலிகளை அடிகள் வகுக்கின்றார். பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து. வடமொழியிலுள்ள 'நியாயப் பிரவேசம்' என்னும் பௌத்தத் தருக்க நூலின் வகுப்போடு இவை ஒத்திருத்தலின், எது முந்தியது என்னும் ஆராய்ச்சி பின்னர் எழுந்தது.

பக்கப் போலி ஒன்பதனுள் ஒன்று சுவசன விருத்தம். ஒருவன் தன் சொல்லாலேயே தன் சொல்லை மறுத்துக்கொள்வது என்பது அதன் பொருள். தன்னைப் பெற்றெடுத்த தாய் பிள்ளை பெறாத மலடி என்று ஒருவன் கூறுவதே அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. பேசுகின்றவன் ஒருவன் இருப்பதே அக்கூற்றைப் பொய்யாக்கிவிடுகின்றது.

இக்குற்றம் ஏதுப் போலிகளோடு வைக்கப்படாமல் பக்கப் போலிகளோடு வைக்கப்பட்டிருப்பதை உற்று நோக்கவேண்டும். பக்கம் என்பது வாதி நிறுவ முன்வரும் கொள்கை. கொள்கை தன்னையே மறுக்குமாயின், அதற்கு ஏது காட்டவும் எடுத்துக்காட்டுத் தரவும் புகுவது வீண். எனவே எதிரியை நோக்கி வாய் திறக்குமுன், தன் கூற்று தன் மேல் பொருந்துகின்றதா என்று பார்ப்பதே வாதியின் முதற்கடமை என்று காஞ்சித் தருக்கர் கொண்டனர்.

எல்லாச் சொல்லும் பொய்யாயின்

திக்நாகர் இக்குற்றத்திற்குக் காட்டும் எடுத்துக்காட்டு இன்னும் கூரியது: எல்லாக் கூற்றும் பொய் என்று ஒருவன் சாதித்தல். அக்கூற்றும் ஒரு கூற்றே. அது மெய்யாயின் தானும் பொய்யாகவேண்டும்; எனவே மெய்யாக இருத்தல் அதற்கு இயலாது.

இத்தகைய முரண்புதிரினின்று வெளியேற நம் நாட்டார் கண்ட வழிகளுள் இரண்டினை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஐந்தாம் நூற்றாண்டின் இலக்கண மேதையான பர்த்ருஹரி, தான் சொல்வதெல்லாம் பொய் என்று ஒருவன் கூறுங்கால் அக்கூற்றே அதனுள் அடங்காது என்று கொண்டார். அடங்குமாயின், அவன் உணர்த்த விரும்பிய பொருளே கேட்போர்க்குச் சென்று சேராது. ஒரு சொல் பிறவற்றைச் சுட்டுங்கால், சுட்டும் தன்னையே சுட்டப்படும் பொருளாகக் கொள்ளாது என்பது அவர் கருத்து. இது மொழியின் இயல்பினின்று எடுத்த விடை.

நாகார்ச்சுனர் சென்ற வழி வேறு. எல்லாப் பொருளும் தமக்கென ஒரு தன்மையற்ற சூனியம் என்பது அவர் போதனை. எதிரி எழுந்து, "அங்ஙனமாயின் உம்முடைய சொல்லும் சூனியமன்றோ? சூனியமான சொல் எதனை மறுக்கும்?" என வினவினான். அவர் தம் சொல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்கவில்லை. தம் சொல்லும் சூனியமே என்று ஒப்புக்கொண்டார். வண்டியும் குடமும் ஆடையும் சூனியமாயிருந்தும் தத்தம் தொழிலைச் செய்கின்றன; ஆடை குளிரைத் தடுக்கின்றது; அதுபோலத் தம் சொல்லும் தன் தொழிலைச் செய்யும் என்றார். அவருடைய கொள்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் தாம் வகுத்த விதிக்குத் தாமும் உட்பட்டு நின்று விடை கூறிய நேர்மை மதிக்கத்தக்கது.

மேலை நாட்டில் இப்புதிர்

மேலை நாட்டு வரலாற்றில் இப்புதிரின் பெயர் நம் திருமறையோடு தொடர்புற்று நிற்கின்றது. தீத்து நிருபம் முதல் அதிகாரம் 12ஆம் வசனத்தில், கிரேத்தா தீவினர் எப்போதும் பொய்யர் என்று அத்தீவின் தீர்க்கதரிசி ஒருவரே கூறியதாகக் காண்கின்றோம். அடுத்த வசனம் அச்சாட்சியை உண்மை என்று உறுதிப்படுத்துகின்றது. அத்தீர்க்கதரிசி எப்பிமெனிதேஸ் என்பார் அலெக்சந்திரியாவின் கிளெமெந்து.

ஆயினும் நிருபத்தின் ஆசிரியர் தருக்கப் புதிர் எதனையும் அங்கு விடுக்கவில்லை. பொய்ப் போதகரைக் கண்டிக்கவே ஊரறிந்த சொல்லை எடுத்தாண்டார். நுணுகி நோக்கின் அச்சொல்லில் தப்ப முடியாத முரணும் இல்லை. அது பொய் என்று கொண்டால், கிரேத்தர் ஒருவர் எப்போதோ ஒருமுறை மெய் பேசினார் என்பதே பெறப்படும். அதில் முரண் ஏதும் இல்லை. "நான் இப்போது சொல்லும் இதுவே பொய்" என்னும் இறுகிய வடிவம் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேத்து நகர் யூபுலிதேஸ் என்பாருடையது எனப்படும். அதனை மெய் என்றால் பொய்யாகும். பொய் என்றால் மெய்யாகும்.

இடைக்காலத் திருச்சபைப் பள்ளிகளில் குருமார் இப்புதிரை முறையாகப் பயின்றனர். 1349இல் கந்தர்பரிப் பேராயராகி அதே ஆண்டில் கொள்ளைநோயால் மறைந்த தாமஸ் பிராட்வர்தின் இதுபற்றித் தனிநூல் இயற்றியவர். தன்னைப் பொய் என்று கூறும் வாக்கியம் தன்னை மெய் என்றும் உடன் குறிக்கின்றது. இரண்டும் ஒருங்கே நில்லா. ஆகவே அது பொய்யே என்பது அவர் முடிவு. நம் காலத்துக்கு அண்மையில், 1933இல் போலந்து நாட்டு ஆல்பிரட் தார்ஸ்கி, ஒரு மொழியின் வாக்கியங்களை மெய் என்றோ பொய் என்றோ தீர்க்கும் சொல் அம்மொழிக்கு மேற்பட்ட பிறிதொரு மொழியில் அமையவேண்டும் என வரையறுத்தார். பர்த்ருஹரியின் விடையோடு இதற்கு ஓரளவு உறவு உண்டு. இவ்விடைகள் எல்லாம் முழு நிறைவு தருவன அல்ல. ஆயினும் அவை நேர்மையான முயற்சிகள். ஏனெனில் அவை வகுக்கும் விதி பேசுவோர் அனைவர்க்கும் ஒன்றே.

சந்து தேடுவோர்

சந்து தேடும் மனிதனின் மறுபக்கத்தையும் காஞ்சி அறிந்திருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருக்களிலேயே நிகழும் நகை நாடகமாகும். கள் மயக்கத்திலிருக்கும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தை இழந்துவிட்டுப் பௌத்தத் துறவியின் மேல் திருட்டுப் பழி சுமத்துகின்றான். உண்மையில் அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய்.

அக்காபாலிகன் சமணரை இகழும் இடம் நம் பொருளுக்கு நேரே உதவுவது. காரியம் காரணத்தை ஒத்திருக்கும் என்று ஒப்புக்கொண்ட சமணர், துன்ப நோன்பிலிருந்து இன்பம் விளையும் என்று கூறித் தம் சொல்லாலேயே மடிகின்றனர் என்பான். தருக்கப் பள்ளியில் பயின்ற சுவசன விருத்தம், இங்குக் குடியன் கையில் ஆயுதமாகிவிட்டது. தன் கூத்துக்கும் தன் நோன்புக்கும் உள்ள முரண் அவன் கண்ணில் படவே இல்லை.

பௌத்தத் துறவியின் நிலையோ இன்னும் நகைப்புக்கு இடமானது. நல்லுணவும் நல்லுறையுளும் அருளிய புத்தர், கள்ளையும் மகளிரையும் மட்டும் விலக்கியிருப்பாரோ என்று அவன் ஐயுறுகின்றான். பொறாமை கொண்ட முதிய துறவியரே மூலநூலினின்று அவ்வனுமதியை நீக்கியிருக்கவேண்டும். சிதையாத மூலம் எங்கே கிடைக்கும் என ஏங்குகின்றான். தான் விரும்புவதை முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கு இடந்தரும் பாடத்தைத் தேடுகின்றான். மூலபாட ஆராய்ச்சி பயிலும் நாம் நகைத்துவிட்டுக் கடந்துபோகத்தக்க பாத்திரம் அன்று அவன்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த கொர்பான் வழக்கமும் இவ்வகைச் சந்தே. பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை இருக்கின்றது. காணிக்கையாக நேர்ந்த பொருளைப் பிறர்க்குத் தரலாகாது என்னும் விதியும் இருக்கின்றது. இரண்டாவதைக் கொண்டு முதலாவதிலிருந்து நழுவினர். தருக்கத்தில் பிழை காண இயலாது. பசித்திருந்த பெற்றோரே அதன் பிழையை அறிவர்.

நம் வரலாற்றில் இக்குற்றம்

மதவாதம் நடந்த நம் நாட்களிலும் இக்குற்றம் நிகழ்ந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட துண்டு நூல்கள் பல, சைவர்தம் கோயில் வழிபாட்டையும் சடங்குகளையும் இகழ்ந்து பேசின. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்குத் திருமறை மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். எமது வழிபாட்டில் நீர் இகழ்வனவற்றை ஒத்த பலி, தூபம், தீபம், ஆசரிப்பு முறைகள் உம்முடைய பழைய ஏற்பாட்டில் விதிக்கப்பட்டிருக்கக் காண்கின்றோமே என்பது அவர் வாதத்தின் சாரம். நம் திருமறையை நன்கு கற்றே அவர் எழுதினார்.

அவர் முடிவுகளை நாம் ஏற்கவில்லை. பழைய ஏற்பாட்டுப் பலிகள் கிறிஸ்துவில் நிறைவுற்றன என்னும் விடை நமக்கு உண்டு. ஆனால் அவ்விடையைக் கூற நேர்ந்ததே ஒரு பாடம். சடங்கு என்னும் பெயராலேயே ஒன்று இழிந்தது என்று கூறியவன், தன் வேதத்தையும் அதே வாக்கியத்தால் இகழ்ந்துவிட்டான். தன் அளவுகோலைத் தன்மேல் வைத்துப் பாராத குற்றம் அது. திருமுக்கூடல் மாணவர் பௌத்தர் நூலைக் கற்றதுபோல் எதிர்ப்பக்கத்தார் நூலைப் பொறுமையுடன் கற்றிருப்பின், அத்துண்டு நூல்களிற் பல வேறுவிதமாய் எழுதப்பட்டிருக்கும்.

அருளுரை மேடைக்கும் இது பொருந்தும். 116ஆம் சங்கீதத்தில், எம்மனிதனும் பொய்யனே என்று தான் மனங்கலங்கிச் சொன்னதாகச் சங்கீதக்காரன் கூறுகின்றான். அவனும் மனிதனே. பவுல் ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் அக்கருத்தையே எடுத்துத் தேவனே சத்தியபரர் என்று நிறுவுகின்றார். யூதரும் கிரேக்கரும் யாவரும் பாவத்துக்குட்பட்டவர் என்று அதனைத் தொடர்கின்றார். தன் இனத்துக்கோ தனக்கோ அவர் விலக்குக் கேட்கவில்லை. மனிதர் எல்லாரும் பொய்யர் என்று மனிதனே தன் வல்லமையால் சாதிக்க முயன்றால் அது சுவசன விருத்தமே. தன்னையும் உட்படுத்தும் தீர்ப்பைத் தனக்கு மேலிருந்து கேட்டு, அதனை ஏற்று அறிக்கையிடுகின்றவனுடைய வாயில் அதே சொல் சாட்சியாகின்றது.

ஆகவே அருளுரை ஆயத்தம் செய்யும் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது இது. சபையாரின் குற்றத்தைக் கண்டித்து எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும், மறுமுறை வாசிக்கும்போது எழுதினவன் மேல் வைத்துப் பார்க்கட்டும். அது பொருந்துமாயின் அவ்வாறே ஒப்புக்கொண்டு பேசட்டும். பொருந்தாதபடி தனக்கென ஒரு சந்து வைத்திருப்பது தெரியவருமாயின், மேடையேறுமுன் அவ்வாக்கியத்தை அடித்துவிடட்டும்.