ரிஷப குஞ்சரம்

ரிஷப குஞ்சரம் என்பது காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்ப வகை. இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் உள்ள சிறு புடைப்புச் சிற்பம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய இக்கோயில், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இரு விலங்குகளும் எதிரெதிரே நிற்கின்றன. உடல்கள் இரண்டு, தலை ஒன்று, கண்ணும் ஒன்றே. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை மட்டும் தெரியும். காளையின் உடலை மறைத்தால் அதே கல் யானையாகிவிடும். மறைக்காமல் பார்ப்பவருக்கு இரண்டும் மாறி மாறித் தோன்றும். சிற்பி பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியைப் பார்ப்பவர் கையில் கொடுத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். இந்திரனின் யானையாகிய ஐராவதம் வழிபட்ட தலம் என்பது இவ்வூரின் புராணம். காளையோ சிவனின் ஊர்தி. ஆகவே இந்தச் சேர்க்கை இக்கோயிலுக்கு மிகவும் பொருந்துகிறது.

பார்வையை இப்படித் திருப்பும் ஓவியங்களில் உலகறிந்தது வாத்து-முயல் படம். 1892-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து இதழொன்றில் வேடிக்கைப் படமாக வெளிவந்த அதை, பின்னர் உளவியலாளர் ஜோசப் ஜாஸ்ட்ரோ ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனும் அதைப் பற்றி எழுதினார். தாராசுரத்துச் சிற்பம் அதற்கு ஏழு நூற்றாண்டுகள் மூத்தது. சிகாகோவில் அனிஷ் கபூர் நிறுவிய ‘கிளவுட் கேட்’ போன்ற இன்றைய பொதுவெளிக் கலைகளும் வழிப்போக்கரையே பங்காளியாக்குகின்றன. அந்த வரிசையில் சோழச் சிற்பியின் பெயரையும் சேர்த்திருக்கலாம், அது நமக்குக் கிடைத்திருந்தால்.

காண்பவரைப் பங்காளியாக்கும் இதே அழைப்பு, தாமிரபரணிக் கரையில் காதுக்கு விடுக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலிலும் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் உள்ள இசைத்தூண்கள், தட்டினால் வெவ்வேறு சுரங்களில் ஒலிப்பவை. தாங்கும் தூணாக நின்ற கல், விரல் பட்டதும் இசைக்கருவியாகிறது.

தொட அழைக்கும் கலைக்குத் தொடுதலே கேடாகவும் முடியும். தாராசுரத்தில் பலிபீடத்தருகே உள்ள இசைப்படிகள் இப்போது கம்பித் தடுப்புக்குள் இருக்கின்றன. ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைத் தட்டவும் தடை உண்டு. ரிஷப குஞ்சரத்துக்கு அந்த நிலை வரத் தேவையில்லை. உள்ளங்கையைக் கல்லின்மேல் வைக்காமல், ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணுக்கு முன்னே கையை நீட்டிப் பிடித்தாலே ஓர் உடல் முழுவதும் மறைந்துவிடும்.