உப்பின் தரமும் உண்போர் குரலும்

மரக்காணக் கடற்கரையில், கழுவெளியை அடுத்துப் பரந்து கிடக்கும் உப்பளங்களிலே, மிதித்து இறுக்கிய களிமண் பாத்திகளிற் பாய்ச்சிய உவர்நீர் கோடை வெயிலிற் சுண்டிப் படியும் கல்லுப்பு, அடிமண்ணின் சாயல் சிறிது கலந்து, சாம்பல் பூத்த வெண்மையுடன் காணப்படுவது இயல்பு. இவ்வுப்பு உண்ணத் தக்கதா, அதன் தூய்மைக்கு எல்லை யாது என்பவற்றை நிர்ணயிக்கும் சபைகளில், அதனை அன்றாடம் உண்ணும் ஜனங்களுக்கு இடங்கிடைத்த சரித்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உமணர் வண்டியேற்றி வந்த உப்பை நெல்லுக்கு மாற்றிக்கொண்ட பண்டைக் காலத்தில், வாங்குவோரின் கண்ணும் நாவுமே பரீட்சைக் கருவிகளாக இருந்தன. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பு கும்பெனியாரின் ஏகபோகத்துக்கு உட்பட்டபின், அரசாங்கத்தார்க்கு அது முதன்மையாக வருமானப் பொருளாயிற்று. 1930-இல் இராஜாஜி வேதாரணியத்துக்கு நடத்திச் சென்ற யாத்திரை உப்பெடுக்கும் உரிமையை வற்புறுத்தியது. 1947-இல் உப்பு வரியும் ஒழிந்தது. உப்பின் தரத்தைப் பற்றிய விசாரணை அதற்குப் பின்னரே வலுப்பெற்றது.

1947-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றியது. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், தர விஷயங்களில் ஆலோசனை கூற மத்தியக் குழுவொன்றை அமைத்தது. விவசாயம், வாணிபம், கைத்தொழில் ஆகியவற்றின் பிரதிநிதிகள் வீற்றிருந்த அக்குழுவில், நுகர்வோர் நலனுக்கென ஐந்து இடங்கள் திருத்தத்தின் வாயிலாகவே சேர்ந்தன. அவ்வைந்தில் ஒன்று ஓட்டல் தொழிலைச் சார்ந்தவருக்கு உரியது என்றும் சட்டமே விதித்தது! உணவை விற்போரையும் உண்போராகக் கணக்கிட்ட இவ்வேற்பாடு, பிரதிநிதித்துவம் என்னும் கொள்கை அன்று எவ்வளவு தெளிவற்றிருந்தது என்பதற்குச் சான்றாகும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு நுகர்வோர்க்கெனத் தனிக் குழு கண்டதும் 1978-இல்தான்.

உணவுப்பு வெள்ளையாகவோ, வெளிறிய இளஞ்சிவப்பாகவோ, இளஞ்சாம்பலாகவோ இருக்கலாம். ஈரம் நூற்றுக்கு 6-க்கு மிகலாகாது. உலர்நிலையில் சோடியம் குளோரைடு 96-க்குக் குறையலாகாது. நீரிற் கரையாப் பொருள் 1-க்கு மேற்படலாகாது என்பன நம் நாட்டு விதிகள். உலக உணவுத் தரக் கோவையோ சோடியம் குளோரைடு 97 கேட்கிறது. மரக்காணத்து உப்பின் நிறத்தைக் குற்றமாகக் கொள்ளாத இவ்விதிகள் பெரும்பாலும் கண்ணுக்கும் நாவுக்கும் எட்டக்கூடியவற்றையே அளந்தன.

அயோடின் புகுந்ததும் நிலைமை மாறியது. டாக்டர் வி. இராமலிங்கசாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய காங்கரா பள்ளத்தாக்கு ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதை நிரூபித்தது. அயோடின் சேராத உணவுப்பின் விற்பனைக்கு 1997-இல் விதித்த தடை, இத்தகைய காரியத்திற் பலவந்தம் கூடாது என்ற வாதத்தின்மேல் 2000-இல் நீங்கி, 2006 மே மாதம் மீண்டும் அமலுக்கு வந்தது. அவ்விதி மூலச் சட்டத்தின் அதிகார எல்லையைக் கடந்தது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதிலும், அடுத்த மாதமே அமலான உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் அக்கட்டுப்பாடு இடம்பெற்றது. உண்போரின் சுகாதாரத்தை வைத்தியர்களும் அவர்தம் சுதந்திரத்தை வேறு சிலரும் எடுத்துரைத்தனர். உண்போரின் சொந்தக் குரல் அவ்வாதங்களினூடே மெலிந்தே ஒலித்தது.

அயோடின், உற்பத்தி நிலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்குக்கும், சில்லறை விற்பனை நிலையில் 15 பங்குக்கும் குறையாதிருத்தல் வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் அவ்விதிமுறைகள் வகுத்தன. இதனை நாவு அறியாது. அதற்கென அமிலம் முதலியன சேர்த்த மாவுச்சத்துக் கரைசல் ஒரு துளி விட்டு, உப்பு நீலம் பாய்கிறதா என்று பார்த்தாலே புலப்படும். புலன்களுக்கு எட்டாத தரத்தை வாங்குவோர் தனித்தனியே சோதித்தல் இயலாதாகலின், அவர் சார்பில் அறிந்து பேசுவோர் இன்றியமையாதவராயினர். 1985-இல் சென்னையில் தோன்றிய சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்டு சிவிக் ஆக்‌ஷன் குரூப் போன்ற அமைப்புகளின் பணி இங்கேதான் பொருள்படுகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், தலைவர் நீங்கலாக 22 உறுப்பினர் கொண்ட ஆணையத்தில் நுகர்வோர் அமைப்புகளுக்கு இரண்டு இடங்கள் நல்கி, ஒளிவுமறைவற்ற பொதுக் கலந்தாலோசனையையும் கடமையாக்கியது.

ஆயினும் மத்திய அரசிதழில் வரைவு விதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவருவதால், உப்பு விளையும் இக்கரையோரத்து மக்கள் அபிப்பிராயம் தெரிவிக்கும் வாய்ப்பு ஏட்டளவில் நின்றுவிடுகிறது. ஆகவே வரைவுகள் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். நுகர்வோர் பிரதிநிதிகளுக்குப் பரிசோதனைச் சாலைகளின் உதவியும் கிட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரை, சபையில் நாம் பெற்றிருப்பது நாற்காலி மட்டுமே.