லொபோட்டன் கடலும் மீன்குஞ்சுகளின் பசியும்

நார்வே தேசத்தின் வடபாகத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் கிடக்கும் லொபோட்டன் தீவுகளை நாடிப் பாரென்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் முட்டையிட வந்து கூடுவதும், அவற்றை உப்பிடாமலே மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்திய கருவாடு மத்திய காலந்தொட்டே அந்நிய தேசத்துச் சந்தைகளுக்குப் போய்வந்ததும் பிரசித்தமானவை. (உப்புப் படாத கருவாடு நம் கரையில் ஒரு நாள் தாங்குமா என்பது சந்தேகமே.) ஆயினும் ஒரு வருஷம் படகு கொள்ளாமல் அகப்பட்ட மீன் மற்றொரு வருஷம் அருகிப் போவானேன் என்பது மட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

அதை விசாரிக்கும்படி 1864-இல் அரசாங்கம் அனுப்பிய கேயார்க் ஒசியான் சார்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, ஹெர்ரிங் மீனின் முட்டைகளைப்போல் கடலடியில் ஒட்டிக் கிடக்காமல், காட் மீனின் முட்டைகள் நீரின் மேற்பரப்பில் மிதந்து திரிவதைக் கண்டார். மிதப்பது நீரோட்டத்தின் வசமாயிற்றல்லவா? பொரிக்கையில் சுமார் நான்கு மில்லிமீட்டரே நீளமுள்ள குஞ்சு, வயிற்றோடு கொண்டுவந்த மஞ்சட்கருவைச் சில நாட்களில் தின்று தீர்த்தபின், துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணிய கடலுயிர்களின் கண்ணுக்குப் புலப்படாத இளம் பருவங்களை வாய்க்கெட்டும் தூரத்தில் கண்டால் பிழைக்கும், காணாவிடில் மடியும். பிழைத்தவற்றைக் கரையோர நீரோட்டம் கோடை முழுதும் வடக்கே இழுத்துச் சென்று, தாய்மீன்கள் புறப்பட்ட அதே பாரென்ட்ஸ் கடலில் சேர்க்கிறது.

இந்தப் பசியின் முக்கியத்துவத்தை விஸ்தாரமாக எடுத்துரைத்தவர் யோஹான் யோர்ட் என்ற நார்வே விஞ்ஞானி. செதில்களின் வளையங்களைக் கொண்டு ஹெர்ரிங் மீன்களின் வயதைக் கணித்தபோது, 1904-இல் பிறந்த ஒரே தலைமுறை அதற்குப்பின் பல வருஷங்கள் வலைகளில் மிகுந்திருந்தது தெரியவந்தது. இட்ட முட்டைகளின் தொகை அன்று, கரு தீர்ந்தவுடன் இரை வாய்த்ததா, குஞ்சுகள் உகந்த நீரைவிட்டு அடித்துச் செல்லப்பட்டனவா என்பதே ஒரு தலைமுறையின் பலத்தை நிர்ணயிக்கிறது என்று 1914-இல் வெளிவந்த தம் நூலில் அவர் அனுமானித்தார்.

இதற்கிடையே, தென்கரையில் ஆரெண்டால் நகரருகே ஃப்ளோடெவிகனில், டான்னவிக் என்ற மாலுமி 1880-களில் ஒரு பொரிப்பகம் நிறுவி, கோடிக்கணக்கான காட் குஞ்சுகளைக் கடற்கழிகளில் விடத் தொடங்கியிருந்தார். பரோபகார எண்ணந்தான், ஆனால் மஞ்சட்கரு தீராத பருவத்திலேயே அவை விடப்பட்டமையால், முட்டைக்கு நேரும் அபாயம் நீங்கிற்றே தவிர, முதற்பசி என்ற பெரிய கண்டம் அப்படியே எதிரில் நின்றது. யோர்ட் அதன் பயனைச் சந்தேகித்து வெகுவாக வாதித்தார். கரையோர மக்களோ தங்கள் கண்ணெதிரே கடலில் விடப்பட்ட குஞ்சுகளை நம்பினார்கள். குஞ்சு விடும் வழக்கம் 1971 வரை நின்றபாடில்லை.