மூன்றில் ஒரு பங்கு: கோபோல்ட் ஆணையம் கேட்டதும் எழுதியதும்



மலேசியா உருவான வரலாற்றைக் கற்பிக்கும்போது, "கோபோல்ட் ஆணையம் சபா, சரவாக் மக்களின் கருத்தை அறிந்தது, பெரும்பான்மையோர் ஆதரித்தனர்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு நாட்டு மக்களின் கருத்தை எவ்வாறு அறிந்தார்கள் என்பதே சுவையான செய்தி.

1961 மே 27இல் துங்கு அப்துல் ரகுமான் சிங்கப்பூரில் மலேசியத் திட்டத்தை வெளியிட்டார். பிரிட்டன் இசைந்தது, எனினும் வட போர்னியோ, சரவாக் மக்களின் எண்ணத்தை முதலில் அறிய வேண்டும் என்றது. வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. வட போர்னியோ மக்கள் அதுவரை தேர்தல் என்பதையே கண்டதில்லை. அங்கு முதல் தேர்தல் 1962 டிசம்பரில்தான் தொடங்கியது.

எனவே ஐவர் கொண்ட ஆணையம் அமைந்தது. தலைவர் கோபோல்ட் பிரபு, இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர். பிரிட்டன் சார்பில் அந்தோணி ஏபெல், டேவிட் வாதர்ஸ்டன். மலாயா சார்பில் பினாங்கு முதலமைச்சர் வோங் பாவ் நீ, வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளர் கசாலி ஷாபி. போர்னியோ மண்ணின் மைந்தர் ஒருவர்கூட இல்லை என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

1962 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 35 இடங்களில் 4,000க்கும் மேற்பட்டோரை ஆணையம் சந்தித்தது. 2,200 கடிதங்களும் மனுக்களும் வந்தன. கிடைத்தவற்றை எடைபோட்டு அது எழுதிய முடிவு இது: மூன்றில் ஒரு பங்கினர் நிபந்தனைகளைப் பெரிதாகக் கருதாமல் மலேசியாவை விரைவில் விரும்பினர். இன்னொரு பங்கினர் பாதுகாப்பு உறுதிகளைக் கேட்டனர். அவர்களுள் பலர் திட்டத்தை ஆதரிப்பவர்களே. எஞ்சிய பங்கினருள் சிலர் முதலில் சுதந்திரம் என்றனர். சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கட்டும் என்றனர்.

இவை எண்ணிப் பெற்ற கணக்கல்ல, மதிப்பீடு. பெரும்பான்மை என்பது அந்த நடுப்பங்கை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. "ஆம்" என்றவரையும் "ஆம், ஆனால்" என்றவரையும் ஒன்றாகக் கூட்டினால்தான் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். அந்த "ஆனால்" எவை? சமயம், மொழி, குடிநுழைவு அதிகாரம், பூர்வகுடிகளின் தனி நிலை. வட போர்னியோவின் 20 அம்சக் கோரிக்கை இவற்றைத்தான் கேட்டது. என் கருத்தில், மலேசிய ஒப்பந்தத்தை வடிவமைத்தவர்கள் இந்த நடுப்பங்கினரே. அந்த உறுதிகள் பற்றிய வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. 2021இல்தான் கூட்டரசு அரசியலமைப்பு அந்த ஒப்பந்தத்தைப் பெயர் சுட்டிக் குறிப்பிடும்படி திருத்தப்பட்டது.

இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் ஆணையத்தின் முடிவை ஏற்கவில்லை. ஆகவே 1963 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் குழு, லாரன்ஸ் மிச்செல்மோர் தலைமையில் மீண்டும் விசாரிக்கச் சென்றது. அதற்குள் உள்ளாட்சித் தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. அவற்றில் மலேசியா ஒரு விவாதப் பொருளாக இருந்ததா என்று குழு ஆராய்ந்து, பெரும்பான்மையோர் ஆதரவு உண்டு என்று கண்டது.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. குழு இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 29இல், மலேசியா செப்டம்பர் 16இல் உதயமாகும் என அறிவிக்கப்பட்டுவிட்டது. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் இதற்கு வருத்தம் தெரிவித்தார். அவருடைய முடிவுகள் வெளிவந்த நாள் செப்டம்பர் 14.