தட்டில் பதியாத இரவுகள்: 1995இல் லண்டனில் தொடங்கிய இரு நடன மன்றங்கள்

1995ஆம் ஆண்டில் லண்டனில் இரண்டு நடன இரவுகள் தொடங்கின. ஒன்று, ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த புளூ நோட் கிளப்பில் திங்கட்கிழமைகளில் நடந்த ‘அனோகா’. தபலாக் கலைஞர் தல்வின் சிங்கும் நிகழ்ச்சி அமைப்பாளர் ஸ்வீட்டி கபூரும் அதைத் தோற்றுவித்தனர். மற்றொன்று, வடக்கு லண்டனின் டஃப்னெல் பார்க்கில் டோம் என்னும் அரங்கில் டிஜே ரித்துவும் ரீட்டாவும் தொடங்கிய ‘கிளப் காளி’. எந்த இசைத்தட்டுக் கடையும் ஒரே அலமாரியில் வைக்கத் துணியாத இசைவகைகளை இரண்டு இரவுகளும் ஒரே தளத்தில் ஒலிக்கச் செய்தன. ஆயினும் ‘ஏசியன் அண்டர்கிரவுண்ட்’ என்று பெயர்பெற்ற அந்த இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் முதலாவதன் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. இதற்குக் காரணம் இசையின் தரமன்று. வரலாற்றாசிரியர் எதைச் சான்றாக ஏற்கிறார் என்பதே காரணம்.

இவ்விரவுகளில் நடந்த கலவையின் தொழில்நுட்பத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ‘இணைவு’, ‘கலப்பு’ முதலிய சொற்கள் ஆய்வுலகில் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால் மேசையருகே நின்றவரின் கைகள் செய்த வேலையை அவை சொல்வதில்லை. அன்றைய டிஜேயின் கருவிகள் இரண்டு சுழல்மேசைகள், ஒரு மிக்சர், ஒரு ஹெட்போன், ஒரு பை நிறைய இசைத்தட்டுகள் ஆகியவையே. பெரிதும் புழங்கிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வகைச் சுழல்மேசையில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டலாம், குறைக்கலாம். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். முழு 8 விழுக்காட்டையும் பயன்படுத்தினால் பாடகரின் ஆதார சுருதி அரைச்சுரத்துக்கும் மேலாக நகர்ந்துவிடும். ஆகவே விரும்பிய எதையும் விரும்பிய எதனோடும் சேர்க்க இயலாது. கணக்கு உண்டு. டிரம் அண்ட் பாஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 அடிகளில் ஓடுவது. அதன் சரிபாதி 85. அந்த வேகத்தில் நடக்கும் ஒரு திரைப்பாடலையோ டோல் தாளத்தையோ அதன்மேல் வைத்தால், ஒன்று ஓட மற்றொன்று நடக்க, இரண்டும் ஒரே இடத்தில் அடியெடுத்து வைக்கும். கீழ்க்காலம், மேல்காலம் என்று நம் தாள மரபு அறிந்துவைத்திருக்கும் உறவே இது. தாளமற்ற ஆலாபனை எதன்மேலும் அமரும். சுருதி மட்டும் ஒத்துவர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னணு இசையின் தாளம் இயந்திரத்தால் ஆனது; அது பிசகுவதில்லை. 1970களின் இந்தித் திரைப்பாடல்களை வாசித்தவை உயிருள்ள வாத்தியக் குழுக்கள். அவற்றின் வேகம் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே சற்றே ஏறும், இறங்கும். ஆர்.டி. பர்மன் பாடல் ஒன்றை ஹவுஸ் இசைத்தட்டோடு இணைக்க முயல்பவர் பாடல் முழுவதும் வேகத்தைக் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, பழைய பம்பாய் ஒலிப்பதிவுக்கூடத்து வாத்தியக்காரரின் மூச்சோடு லண்டன் டிஜேயின் விரல்கள் ஒத்துப்போக வேண்டும். இதையும் ஓர் இசைப்பயிற்சி என்று கொள்ளத் தயங்குவோர் உளர்.

இவ்விரவுகள் வெற்றிடத்தில் தோன்றியவை அல்ல. 1980களில் பிரித்தானிய நகரங்களில் பிற்பகல் பாங்ரா நடனங்கள் பரவியிருந்தன. இரவில் வெளியே செல்ல வீட்டார் இசையாத பிள்ளைகள், பெண்பிள்ளைகள் குறிப்பாக, பள்ளிக்கும் கல்லூரிக்கும் மட்டம் போட்டு இவற்றுக்கு வந்தனர். கிழக்கு லண்டனில் ஷம்ஷேர் சகோதரர்களான ஃபரூக்கும் ஹாரூனும் ‘ஜொய் பங்ளா’ என்ற பெயரில் ஒலியமைப்புக் குழு நடத்தி, வங்காள இசையை ஹிப்ஹாப்போடும் ரெகேயோடும் சேர்த்து ஒலிபரப்பினர். ஜமைக்கர்களின் ஒலியமைப்பு மரபு இதற்கு முன்மாதிரி. ஏசியன் டப் ஃபவுண்டேஷன் 1993இல் உருவானது. 1978 மே மாதம் ஆல்தாப் அலி என்னும் வங்காளத் தொழிலாளி இனவெறியால் கொல்லப்பட்டதும் அதே கிழக்கு லண்டனில்தான். 1993 செப்டம்பரில் மில்வாலில் பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஓர் இடைத்தேர்தலில் வென்றது. தெற்காசிய இளைஞர் இரவில் ஓரிடத்தில் கூடுவது அந்த ஆண்டுகளில் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்க இயலவில்லை.

அனோகாவுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. வாரயிறுதியில் நிரம்பும் மன்றங்கள் வாரத் தொடக்கத்தில் காலியாகக் கிடக்கும். சோதனை முயற்சிகளுக்கு அந்நாள்களே வாய்க்கும். அதே புளூ நோட்டில் ஞாயிறுதோறும் கோல்டியின் ‘மெட்டல்ஹெட்ஸ்’ இரவு நடந்துவந்தது. டிரம் அண்ட் பாஸின் தலைமைப்பீடம் போன்றது அது. முந்தைய இரவின் அதே ஒலிபெருக்கிகள் வழியே மறுநாள் தபலா ஒலித்தது. தல்வின் சிங் பதின்பருவத்தில் பஞ்சாப் சென்று பண்டிட் லட்சுமண் சிங்கிடம் பயின்றவர். பியோர்க்கின் 1993ஆம் ஆண்டு ஆல்பமான ‘டெபூ’வில் வாசித்தவர். அனோகாவில் இசைத்தட்டுகளோடு மேடை வாசிப்பும் நிகழ்ந்தது.

1997இல் வெளிவந்த அனோகா தொகுப்பாலேயே உலகம் அந்த இரவை அறிந்தது. தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தடம் அதில் உண்டு: ஸ்டேட் ஆஃப் பெங்கால், அமர் ஆகியோருக்கிடையே ஏ.ஆர். ரகுமானின் ‘பம்பாய்’ படக் கருவியிசை. அதற்கு அங்கு இடப்பட்ட தலைப்பு ‘மும்பை தீம் டியூன்’. மணிரத்னத்தின் அப்படம் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் நடந்த கலவரங்களைப் பேசியது. நகரின் பெயரை மும்பை என்று மாற்றியது, படம் வெளியான அதே 1995இல் பதவியேற்ற சிவசேனை–பாரதிய ஜனதா அரசு. கலவரத்தின் துயரைக் குழலில் பாடிய சென்னைக் கருவியிசை, லண்டன் தொகுப்பில் அந்த அரசு சூட்டிய பெயரைத் தாங்கி நின்றது. தொகுத்தவர்கள் இதில் அரசியல் எதையும் கருதியிருக்க வேண்டியதில்லை; புதுப்பெயர் அன்று புதுமையாகத் தோன்றியிருக்கும். எனினும் ஓர் இசைத்தட்டு கடல் கடக்கையில் அதனோடு எது பயணிக்கிறது, எது கரையிலேயே நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1999இல் தல்வின் சிங்கின் ‘ஓகே’ ஆல்பம் மெர்க்குரி பரிசு பெற்றது. அதற்கு முன்பே ஆய்வுலகம் ஐயங்களை எழுப்பியிருந்தது. சஞ்சய் சர்மா, ஜான் ஹட்னிக், அஷ்வனி சர்மா ஆகியோர் 1996இல் பதிப்பித்த ‘டிஸ்-ஓரியண்டிங் ரிதம்ஸ்’ நூலும், ஹட்னிக்கின் ‘கிரிட்டிக் ஆஃப் எக்ஸாட்டிகா’வும் (2000), கலப்பைக் கொண்டாடும் சந்தை அக்கலப்பைப் படைத்தவர்கள் மீதான வன்முறையைக் காணாதிருப்பதைச் சுட்டின. இவ்விமர்சனம் இன்றும் வலுவுள்ளது. ஆனால் அது பெரிதும் சந்தைக்கு வந்த பொருளையே நோக்கியது. தொகுப்புக்கு உரிமையாளர் உண்டு, விலை உண்டு, மதிப்புரை உண்டு. ஓர் இரவின் வரிசைக்கு, எந்தப் பாடலுக்குப்பின் எது வந்தது என்பதற்கு, இவை எதுவும் இல்லை. ஸ்வீட்டி கபூரின் பெயர் பல கட்டுரைகளில் அடைப்புக்குறிக்குள் சுருங்கிப்போனதும் இதனால்தான். ஆட்களைத் திரட்டிச் சேர்ப்பது ஒரு படைப்பாகக் கணக்கில் வருவதில்லை.

கிளப் காளிக்கு வருவோம். 1988இல் உருவான ‘சக்தி’ என்னும் தெற்காசிய ஒருபால் ஈர்ப்பினர் அமைப்பின் நடனக் கூடுகைகளில் டிஜேயாக இருந்தவர் ரித்து. அதே ஆண்டில்தான் பிரித்தானியாவின் உள்ளாட்சிச் சட்டம், 28ஆம் பிரிவின்வழி, ஒருபால் ஈர்ப்பை ‘ஊக்குவிப்பதை’ உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடைசெய்தது. கிளப் காளியில் இந்தித் திரைப்பாடல், பாங்ரா, அரபுப் பாடல், ஹவுஸ் எல்லாம் ஒலித்தன. இங்கு கலவையின் பொருள் வேறு. அன்றைய லண்டனின் ஒருபால் ஈர்ப்பினர் மன்றங்களில் ஹவுஸ் இருந்தது, லதா மங்கேஷ்கர் இல்லை. குடும்பத் திருமணங்களில் லதா இருந்தார். ஆனால் ஓர் ஆண் மற்றோர் ஆணின் கைபிடித்து ஆட இடமில்லை. இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்த அந்தச் சில நிமிடங்களில் இவ்விரண்டு இடங்களும் ஒன்றாயின. சேலையுடுத்திய ஆண்கள் பழைய திரைநடனங்களை அடவு மாறாமல் ஆடினர். திரையில் நாயகிக்காகப் படமாக்கப்பட்ட பாட்டு அங்கு வேறொருவருக்கு உரியதாயிற்று. காயத்ரி கோபிநாத் தமது ‘இம்பாசிபிள் டிசயர்ஸ்’ (2005) நூலில், புலம்பெயர் இசை பற்றிய ஆய்வுகள் ஆண்மையை மையமாகக் கொண்டு சுழல்வதை விரிவாக விவாதித்துள்ளார். காளியை வைத்துப் பார்க்கும்போது அவ்விவாதம் இன்னும் கூர்மை பெறுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிதின் சாஹ்னியின் ஆல்பங்களை வெளியிட்ட அவுட்காஸ்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர்களுள் ஒருவர் ரித்து. ஆக, இரு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. பிரித்தது பின்னாளைய எழுத்து: ஒன்று ‘இசை வரலாறு’ என்னும் கோப்பிலும் மற்றொன்று ‘பாலின ஆய்வு’ என்னும் கோப்பிலும் சேர்ந்தன.

1990களின் இறுதியில் புளூ நோட் ஹாக்ஸ்டனை விட்டு அகன்றது. 2000இல் அச்சதுக்கத்தில் ஒயிட் கியூப் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. சுற்றுவட்டார வாடகை ஏறியது. கிளப் காளி இருபது ஆண்டுகளைக் கடந்தும் நடந்தது. அதற்குள் 28ஆம் பிரிவு இங்கிலாந்தில் நீக்கப்பட்டிருந்தது.